அம்மாவுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று

பூச்சி அண்ணையின் கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு நூல் கிடக்கும். அதன் நுனி சட்டைக்குள் போயிருக்கும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனம் அதை மாதா சுரூபம் என்று நினைத்தது. கோயிலுக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் அதை மந்திரத் தகடு வைத்த அச்சரக்கூடு என்று நினைத்தோம். பாரிஸ் லாச்சப்பலில் நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்கு அவர் முதன்முறை வந்த அன்று, மரக்கறிப் பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்து அந்த நூலை வெளியே இழுத்தார். நுனியில் இருந்தது ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கத்தரிக்காய்க் காம்பின் அடியை அதால் பார்த்தார். பிறகு இன்னொரு காயை எடுத்துப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். "என்ன அண்ணை, காய் பழுதோ?" என்று கேட்டேன். "காய் நல்ல காய்தான் தங்கச்சி. ஆனால் அது தனிய வரேல்லை" என்றார். அன்றைக்கே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இன்றைக்கு இருப்பதுபோல வரிசையாகக் கடைகள் அப்போது இல்லை. தலைக்கு மேலே மெத்ரோ போகும்போது எங்கள் கடையின் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். என் கணவர் ஒரு ரெஸ்ரோரன்டில் சமையலுக்கு நின்றார். அதே இடத்தில்தான் பூச்சி அண்ணை கோப்பை கழுவினார். அவரும் இன்னும் ஐந்து பேரும் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஓர் அறையில் இருந்தார்கள். அந்த ஆறு பேரில் அவர்தான் வயதில் மூத்தவர், நாற்பத்தைந்து இருக்கும். மற்றவர்கள் விடுமுறை நாளில் படம் பார்ப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். இவர் எங்கள் கடைக்கு வந்து பெட்டிகளுக்கு முன்னால் குந்திவிடுவார். "அண்ணை, இது கடை, ஆஸ்பத்திரி இல்லை" என்று முதலாளி எத்தனையோ தரம் பகிடியாகவும் ஓரிரு தரம் பகிடி இல்லாமலும் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே எழும்பி, கண்ணாடியைத் துடைத்து உள்ளே போட்டுக்கொள்வார். அடுத்த கிழமை திரும்ப வருவார்.

இலங்கையில் அவர் பயிர்த் தடுப்புக் காவல் அதிகாரியாக இருந்தவர். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வந்திறங்கும் செடி, விதை, பழம், மண் எல்லாவற்றையும் பார்த்து, நோயும் பூச்சியும் உள்ளே வராமல் மறிப்பது அவர் வேலை. பொலீஸ்காரனுக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை என்று அவரே சொல்வார். மனிதர்களைப் பிடிக்கிறவனுக்குச் சலாம் போடுவார்கள், மாங்கொட்டையைப் பிடிக்கிறவனுக்குச் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேலையில் அவருக்குப் பெருமை உண்டு. அதிலும் ஒரு விஷயத்தில் தனிப் பெருமை. இந்து சமுத்திரத்தில் உள்ள சில தீவுகளின் பயிர் அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்களாம். ஒரு தீவில் புதிதாக ஒரு பூச்சியோ நோயோ கண்டால், அந்தத் தீவு உடனே மற்றத் தீவுகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். இன்ன பூச்சி, இன்ன மரத்தில் கண்டோம், எங்கள் கப்பலும் விமானமும் வந்தால் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று எழுத வேண்டும். கேட்பதற்கு இது என்ன பெரிய காரியம் என்றுதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர்தான் விளங்கப்படுத்தினார். எந்த அரசாங்கமும் தன் தோட்டத்தில் நோய் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லாதாம். சொன்னால் அதன் பழத்தை ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே மூடி மறைப்பார்கள். பூச்சி அந்த நேரத்தில் ஆறுதலாகப் பெட்டியில் ஏறி அடுத்த தீவுக்குப் போய்விடும். "பெரிய நாடு எண்டால் ஒரு மாகாணம் போனாலும் இன்னொண்டு இருக்கும் தங்கச்சி. தீவிலை போனால் போனதுதான். அதாலை எங்களுக்கு நாங்கள்தான் காவல். வெக்கப்படாமல் சொல்லவேணும்" என்பார். தன் திணைக்களத்தில் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, முதல் கடிதத்தை இலங்கையிலிருந்து எழுதவைத்தவர் அவர். கறிவேப்பிலையைப் பற்றிய கடிதம் அது. எள்ளளவில் ஒரு பூச்சி, தலையைக் குனிந்து பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு கறிவேப்பிலைக் குருத்தில் இருக்குமாம். கறிவேப்பிலைக்கு அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் அங்கேயிருந்து பறந்து தோடை, தேசி போன்ற எலுமிச்சைக் குல மரங்களுக்குப் போனால், நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். கிளை மஞ்சளாகும், பழம் ஒரு பக்கம் பச்சையாகவே நின்றுவிடும், கசக்கும், சில வருடங்களில் மரம் பட்டுப்போகும். மருந்தே இல்லை.

இதையெல்லாம் நான் தராசுக்குப் பின்னால் நின்று கேட்டேன், தலையாட்டினேன். கேட்டதை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான், எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைச் சட்டியை, அவர் சாப்பிட வரும் நாட்களில் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அந்தச் செடியைக் கணவரின் மச்சாள் ஊரிலிருந்து வரும்போது, ஈரப் பேப்பரில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவில் மறைத்துக் கொண்டுவந்தவள். கடையில் கறிவேப்பிலை வாடி, கறுத்து, யானை விலைக்கு வரும் காலம். வீட்டில் ஒரு செடி வைத்திருப்பது பெரிய அந்தஸ்து. நான் மட்டுமல்ல, லாச்சப்பலில் அவரைத் தெரிந்த எல்லோரும் தங்கள் சட்டிகளை அவருக்கு ஒளித்தார்கள். அவர் ஒரு வீட்டுக்குப் போகிறார் என்றால் அந்த வீட்டு ஜன்னல் மொட்டையாகிவிடும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். அவர், மனைவி, மகள் மூவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்து, கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மனைவியின் தாய்வீட்டில் அவர்களை விட்டுவிட்டு அவர் மட்டும் பாரிஸ் வந்தார். வந்தவுடன் கூப்பிட்டுவிடலாம் என்று எல்லோரையும்போல நினைத்துத்தான் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிசெப்பிசே என்ற தற்காலிக வதிவிடப் பத்திரத்தைப் புதுப்பிக்க வரிசையில் நின்றார். கடைசியில் அகதி அட்டை கிடைத்தது. ஆனால் குடும்பத்தைக் கூப்பிடத் தனி வீடு வேண்டும், ஒழுங்கான சம்பளத் துண்டு வேண்டும், ஆறு பேரில் ஒருவனாகக் கோப்பை கழுவுகிறவனிடம் அவை இல்லை. மகளுக்கு அப்போது பத்து வயது. அவள் எழுதும் கடிதங்களைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். ஊரில் ஹெலி சுற்றுகிறது, பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை, அப்பா எப்போது கூப்பிடுவீர்கள் என்று எழுதியிருப்பாள். கடைசி வரியை மட்டும் அவர் சத்தமாக வாசிக்கமாட்டார். நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

பாரிஸுக்கு வந்த பிறகும் அவர் பழைய தீவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதை விடவில்லை. ஒரு தீவிலிருந்து பதில் வந்தது. அந்தத் தீவின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு பேசுகிற சின்னத் தீவு, தேசியும் தோடையும் நிறைய விளைகிற இடம் என்று மட்டும் சொல்கிறேன். அங்கே பயிர்க் காவல் அலுவலகத்தின் தலைவர், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழியில் வந்தவர். பெயரில் தமிழ் இருந்தது, வாயில் இல்லை. ஏதோ கூட்டத்துக்காகப் பாரிஸ் வந்தவர், பூச்சி அண்ணையைத் தேடி ரெஸ்ரோரன்டின் பின்கதவுக்கே வந்துவிட்டார். ஈர ஏப்ரனோடு நின்றவரைக் கட்டிப்பிடித்து அழுதாராம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, இருவரையும் அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நான் சட்டியைக் குளியலறைக்குள் வைத்தேன். கறியில் போட்ட இலையை என்ன செய்வது? கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தீவுக்காரர் முதல் கவளத்தை வாயில் வைத்தவுடன் நிறுத்திவிட்டார். தட்டில் இருந்த ஒரு கறிவேப்பிலையை எடுத்து முகர்ந்தார். பிறகு பிரெஞ்சில் ஒரு கதை சொன்னார். பூச்சி அண்ணை எழுதிய அந்தக் கடிதம் அவருக்குத்தான் போயிருக்கிறது. அதை வாசித்துவிட்டு, அவர்கள் தீவு முழுவதும் கறிவேப்பிலை மரங்களைத் தறிக்கச் சட்டம் கொண்டுவந்தார்களாம். அங்கே தமிழ் மறந்த குடும்பங்களிலும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை நிற்கும். சட்டம் போட்டவரே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று, தன் தாயின் கொல்லையில் நின்ற மரத்தை முதலில் தானே வெட்டினாராம். அந்த மரம் தாயின் தாய் நட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா அவரோடு பேசவில்லையாம். இப்போதும் சோறு போடும்போது, வாசமில்லாத கறிக்கு உன் அலுவலகத்தைக் கேள் என்று சொல்வாராம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார், பூச்சி அண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியளே தங்கச்சி, ஒரு கடிதம் ஒரு மரத்தை வெட்டியிருக்கு, ஒரு தீவின்ரை தோடை எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கு" என்றார். எனக்கு அந்த வயதான அம்மாவின் நினைவுதான் வந்தது. மகனே வந்து வெட்டினால் அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

அந்த மேசையில்தான் வேலைப் பேச்சும் வந்தது. தன் அலுவலகத்தில் ஓர் இடம் இருக்கிறது, விமான நிலையப் பரிசோதனைக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம், வீடு தருவார்கள், மனைவியையும் பிள்ளையையும் நேரே அங்கேயே கூப்பிடலாம் என்றார் தீவுக்காரர். தனக்குக் கீழே உள்ள ஒருவர் இதை எதிர்க்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த மனிதருக்கு மற்றத் தீவுகளுக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமே பிடிக்காதாம், நம் வீட்டு நோயை ஊருக்குச் சொல்வதா என்று கேட்பவராம். தலைவர் எப்போது சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஆனாலும் நான் உனக்காகப் பொறுப்பு நிற்கிறேன் என்றார். பூச்சி அண்ணை எழும்பிப் போய் ஜன்னலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் கணவர், "நாடில்லாத மனுசனுக்கு ஒரு தீவு கிடைச்சிருக்கு" என்று என் காதில் சொன்னார்.

ஐந்து மாதத்தில் எல்லாப் பத்திரமும் சரிவந்தது. அந்த ஐந்து மாதமும் அவர் வேறு மனிதர். முடி வெட்டினார், ஒரு கோட்டு வாங்கினார், மகளுக்கு அந்தத் தீவின் படத்தைக் கீறி, விமான நிலையத்துக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறி போட்டு அனுப்பினார். மனைவி கொழும்புக்கு வந்து விசா எடுப்பதற்குத் திகதி கூடப் பார்த்தாயிற்று. புறப்படுகிற கிழமை லாச்சப்பல் வழக்கப்படி பார்சல்கள் வரத் தொடங்கின. எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. ஒருவர் எங்கேயாவது போகிறார் என்றால் வெறுங்கையோடு போகவிட மாட்டோம். அந்தத் தீவில் நமக்கு ஒருவரையும் தெரியாது, ஆனாலும் அங்கே யாராவது தமிழன் இருப்பான், அவனுக்கு ஒரு போத்தல் ஊறுகாய். பூச்சி அண்ணை ஒவ்வொரு பார்சலையும் கொடுத்தவரின் கண் முன்னாலேயே அவிழ்த்துப் பார்த்தார். வெந்தயம், கொத்தமல்லி விதை, காய்ந்த வேப்பம்பூ எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக என்னுடையது. ஒரு தகரப் பேணியில் முறுக்கு, இன்னொன்றில் பயற்றம் பணியாரம், நாலைந்து பையில் வறுத்த மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் அடியில், சட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பக்கக்கன்று. ஒரு சாண் உயரம் இருக்கும். வேரை மண்ணோடு ஈரத்துணியில் கட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே ஒரு துண்டுக் கடதாசியும் எழுதி வைத்தேன். 'அண்ணை, கோவியாதேங்கோ. இது அந்த ஐயாவின் அம்மா ஆசைப்பட்ட கன்று. அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ.' பெட்டியை ஒட்டுநாடாவால் இறுக்கினேன். அந்த அம்மா ஆசைப்பட்டதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் ஆசைப்படுவார் என்று நான்தான் முடிவு செய்தேன். ஒரே ஒரு கன்று, ஒரே ஒரு கிழவி, அதனால் ஒரு தீவு என்ன அழிந்தா போய்விடும் என்று நினைத்தேன். பெட்டியை வாங்கும்போது அவர் கேட்டார். "இலை, விதை, மண் ஒண்டும் இல்லைத்தானே தங்கச்சி?" "சீச்சீ, முறுக்கும் தூளும்தான் அண்ணை" என்றேன். "உங்கடையை அவிழ்க்கத் தேவையில்லை" என்று சொல்லி அப்படியே பயணப் பெட்டிக்குள் வைத்தார். அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. அவரை ஏமாற்றிவிட்டேன் என்ற குழந்தைத்தனமான சந்தோஷம்.

எட்டாம் நாள் கடைக் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். அதே கோட்டு. நான் முதலில் ஆளைப் பார்த்துப் பயந்தேன், பிறகு ஏதோ கடதாசி குறைந்திருக்கும், எடுத்துக்கொண்டு திரும்பப் போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஒரு பையை மேசையில் வைத்தார். கழுவித் துடைத்த என் இரண்டு தகரப் பேணிகள். "பலகாரம் நல்லா இருந்தது. விமான நிலையத்திலை வைச்சிருந்த நாலு நாளும் அதைத்தான் சாப்பிட்டனான்" என்றார். "அண்ணை, அந்தக் கண்டு?" என்று கேட்டேன். முதலாளி பின்கட்டில் நின்றார். பூச்சி அண்ணை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறுதலாக, ஏதோ வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

இறங்கியவுடன் ஒரு படிவம் கொடுத்தார்கள். செடி, விதை, மண் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் திறந்தார்கள். அவரை வரவேற்க வந்திருந்த தலைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பரிசோதித்தவர்களோடு நின்றவர், தலைவரை எதிர்க்கிற அந்த அதிகாரி. கன்றையும் துண்டையும் தூக்கிப் பிடித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லை, பூச்சி அண்ணையைத் தவிர. "நீங்கள் எழுதினதை வாசிச்சிருந்தால், நான் தப்பியிருப்பன் தங்கச்சி. ஆனால் தலைவற்றை வேலை போயிருக்கும். தலைவற்றை தாய்தான் கண்டைக் கேட்டு எடுப்பிச்சவ எண்டு ஆக்கிப்போடுவாங்கள். அவர் போனால் அந்தக் கதிரையிலை இவன்தான் இருப்பான். பிறகு அந்தத் தீவிலை இருந்து ஒரு கடிதமும் வெளியிலை போகாது." அதனால், அது பலகாரத்தைப் பற்றிய குறிப்பு, கன்று தன்னுடையது, தான்தான் மறைத்துக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டார். வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது. திருப்பி அனுப்பும்வரை தலைவர் அவரை வந்து பார்க்கவில்லை. பிடிபட்டவர்களின் பெயரை மற்றத் தீவுகளுக்கும் எழுதி அறிவிப்பார்களாம். அந்த விதியையும் கொண்டுவரச் சொன்னவர் பூச்சி அண்ணைதானாம்.

நான் அழத் தொடங்கினேன். அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல இருந்தார். "எரிக்க முதல் ஒருக்காப் பாக்கவிடுங்கோ எண்டு கேட்டனான். விட்டாங்கள். குருத்துக்குள்ளை நாலு இருந்தது" என்றார். நாலு விரலைக் காட்டினார். "நல்லகாலம் பிடிச்சாங்கள். ஒழுங்காத்தான் வேலை செய்யிறாங்கள்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் என்னவென்று எழுதுவேன்? அது திருப்திதான். அவர் என்னை அடிக்கக் கையை ஓங்கியிருந்தாலும் தாங்கியிருப்பேன். போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு, அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிவிட்டாராம். ஆகவே நானும் கணவரும் வேறு மாதிரி ஒருவருக்கும் சொல்லக்கூடாது. அன்று மாலை வீட்டுக்குப் போய் சட்டியை உடைத்துச் செடியைக் கொதிதண்ணீரில் போட்டேன். கணவர் என்னோடு சத்தம் போடவில்லை. "உனக்கு ஏன் இந்த வேலை" என்று மட்டும் கேட்டார்.

அவர் திரும்பவும் அதே ரெஸ்ரோரன்டில், அதே தொட்டிக்கு முன்னால் நின்றார். அடுத்த வருடம் ஊரில் சண்டை இறுகியது. அவருடைய மனைவிக்கு ஒருநாள் வயிற்றுக் குத்து வந்திருக்கிறது. குடல்வால் அழற்சி, வெட்டி எடுத்தால் சரி, பாரிஸில் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதியில் இரண்டு நாளாக ஒரு வாகனமும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஓடியபோது தேவையில்லாமல் போய்விட்டது. செய்தி வந்து சேர மூன்று கிழமை சென்றது. லாச்சப்பல் கோயிலில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்தோம். அவர் வேட்டியோடு ஒரு மூலையில் நின்றார். தீவில் வீடு கிடைத்திருந்தால் அந்தப் பெண் அந்த வீதியில் இருந்திருக்கவே மாட்டாள் என்று எனக்கு மட்டும் அல்ல, அவருக்கும் தெரியும். அதன்பிறகு அவர் மரக்கறிப் பெட்டிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வருவார், பருப்பும் வெங்காயமும் வாங்குவார், போய்விடுவார். முதலாளிக்கே அது பொறுக்கவில்லை. ஒருநாள், "அண்ணை, இண்டைக்குப் புதுக் காய் வந்திருக்கு, ஒருக்காப் பாருங்கோவன்" என்றார். "நல்ல காயாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மகளை அம்மம்மாவும் தாத்தாவும் வளர்த்தார்கள். தொண்ணூறுகளில், இருபது வயது கடந்தபின், மிகவும் சிரமப்பட்டு இங்கே வந்து சேர்ந்தாள். தாயில்லாமல், தகப்பனைப் பத்து வருடத்துக்கு மேல் காணாமல் வளர்ந்த பெண் அவள். விமான நிலையத்தில் இருவருக்கும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள், அது சிரிக்கக்கூடிய கதை அல்ல. அவளுக்கு நான்தான் கலியாணச் சேலை எடுத்தேன். பிள்ளைப்பேறு பார்த்தேன். எல்லோரும் என் நல்ல மனதைப் புகழ்ந்தார்கள். பூச்சி அண்ணை மகளோடு பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் கடைசிவரை இருந்தார். என்னைக் கண்டால் "சுகமே தங்கச்சி" என்பதற்கு மேல் ஒரு சொல் கூடவோ குறையவோ சொல்லாமல், எண்பதைத் தாண்டி, நித்திரையில் போய்விட்டார்.

போன மாதம் அவருடைய முதல் வருட ஆட்டத்திவசம். பியர்ஃபித் வீட்டுக்குப் போனேன். இப்போது எனக்கும் முழங்கால் நோவு, கணவரும் இல்லை. படத்துக்கு முன்னால் படையல் வைத்தாயிற்று. பேரப்பிள்ளைகள் இருவரும் பிரெஞ்சில் ஏதோ சண்டை பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார்கள். சனம் கலைந்த பிறகு, மகள் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். தகப்பனின் சாயல் அவளுக்கு, தலையைச் சரித்துப் பார்க்கும் பார்வை. அவர் தன் கையால் கீறி அனுப்பிய அந்தத் தீவின் படத்தை, மடிப்புகளில் கிழிந்ததை ஒட்டி, இன்னும் வைத்திருக்கிறாளாம். அதில் குறி போட்ட வீட்டில் தானும் அம்மாவும் இருப்பதாகச் சின்ன வயதில் நினைத்துக்கொண்டு படுப்பாளாம்.

"அன்ரி, அந்த வேலை மட்டும் சரிவந்திருந்தால் அம்மா இண்டைக்கும் இருந்திருப்பா. ஏன் நிப்பாட்டினவங்கள் எண்டு அப்பாட்டை எத்தினை தரம் கேட்டனான், அவர் வாயே துறக்கேல்லை. அந்த நேரம் நீங்கள்தானே அவரோடை நல்ல பழக்கம். உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

தேத்தண்ணீர் சுட்டது. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் தலையாட்டினாள். பிறகு உள்ளே போய், படைத்த சோற்றையும் கறிகளையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கென்று ஒரு பார்சலாகக் கட்டிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள்.